பாரம் ஏறுவதற்கு முன்

ஸ்ரீரங்கத்துப் பங்குனித் திருநாளில் மூன்றாம் நாள் உற்சவர் நம்பெருமாள் எங்கள் ஊரான ஜீயபுரத்துக்கு எழுந்தருள்வார். பேரன் வடிவில் வந்து பாட்டி கையால் பழையதும் மாவடுவும் வாங்கிச் சாப்பிட்டார் என்கிற கதையை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். அந்த ஒரு நாளை ஒட்டி அச்சாகிற காகிதம் கொஞ்சமில்லை. உபயதாரர் பெயர் போட்ட பத்திரிகை, அன்னதான நோட்டீஸ், சுவரொட்டி, பெருமாள் படம் போட்ட சட்டைப்பை அட்டை. இதற்கெல்லாம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறித் திருச்சிக்குப் போவார்கள். 1990களின் பின்பாதியில் அப்படிப் போன ஒரு மாமாவின் பின்னாலேயே நானும் போய், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், வாசலில் ‘இங்கு தமிழ், ஆங்கிலம் டைப் செய்து தரப்படும்’ என்ற பலகை.

பலகையில் எழுதியிருந்தது பாதி வேலை. டைப் அடிக்க யாரும் பழகிவிடலாம். அடித்ததை அச்சகத்துக்கு அனுப்புகிற மாதிரி ஆக்குவது தனி வேலை. தாளின் அளவு, ஓரம், நிறம், எழுத்துரு, பக்கங்கள் படுக்கிற வரிசை என்று அதற்குள் நூறு சங்கதி இருக்கிறது. எது பிசகினாலும் திரையில் தெரியாது. பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றி, தாள் ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். ராத்திரி ஷிப்டில் மெஷின் ஓட்டுகிறவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரைத் தெரியாது. அவருக்கு வருகிற சந்தேகத்தைத் தீர்க்க அங்கே நாம் இருக்க மாட்டோம். கோப்புதான் பதில் சொல்ல வேண்டும்.

இதை எனக்குப் பழக்கிக் கொடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொடாதவர். லெட்டர் பிரஸ் காலத்துக் கம்பாசிட்டர். டிரெடில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதும் எங்கள் சென்டருக்குப் புரூஃப் பார்க்க வந்துவிட்டார். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. ஸ்டிக்கில் தலைகீழாகக் கோத்த வரிகளைப் பார்த்தே பழகிய கண், அதனால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத்து திரும்பி நின்றாலும் தடங்கலில்லாமல் படிப்பார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டதும், பழைய மாதிரி ‘லை’, ‘ணை’, ‘றா’, ‘னா’ எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி ஒதுக்கியதைச் சொல்வார். “அறை குறைஞ்சுது தம்பி. கை ஓடுற தூரமும் குறைஞ்சுது.” எழுத்தைக் கையால் எடுத்து வைத்தவருக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் தாள் மடிப்பது. வெள்ளைத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, “மூணு மடி மடி. பிரிக்காம, ஓரத்தை விலக்கிப் பார்த்து 1லேர்ந்து 16 வரைக்கும் நம்பர் போடு. இப்ப பிரி” என்றார். பிரித்தால் எண்கள் சிதறிக் கிடந்தன. பாதி நேராக, பாதி தலைகீழாக. ஒரு பக்கத்தில் 1க்குப் பக்கத்தில் 16, 4க்குப் பக்கத்தில் 13, 8க்குப் பக்கத்தில் 9, 5க்குப் பக்கத்தில் 12. மறுபக்கத்தில் 2க்கு 15, 3க்கு 14, 7க்கு 10, 6க்கு 11. “ஜோடியைக் கூட்டிப் பாரு” என்றார். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17. இப்படி ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதிதான் பாரம். எட்டுப் பக்கப் பாரமாக இருந்தால் 9 வரும். கூட்டல் தப்பினால் பாரம் தப்பு. பக்கங்களை எடுத்த பட்டர் தாள்களை லைட் டேபிளில் ஒட்டுகிறவர் கண் சொக்கிப்போயிருந்தாலும் இந்தக் கூட்டல் ஒன்று போதும், பக்கம் இடம் மாறாது.

இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் போடுகிற சி.டி.பி. இருக்கும் அச்சகங்களில் மென்பொருளே பக்கங்களை அடுக்கிவிடுகிறது. இருந்தாலும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு டம்மி மடித்துத்தான் கோப்போடு கொடுக்கிறேன். வெற்றுப் பக்கம் எது, கலர் பக்கம் எந்தப் பாரத்தில் விழுகிறது, கடைசியில் எட்டுக்கோ பதினாறுக்கோ எத்தனை பக்கம் குறைகிறது என்பதெல்லாம் கையில் மடித்த தாளில் தெரிகிற அளவுக்குத் திரையில் தெரிவதில்லை. பத்துப் பக்கம் மிஞ்சுகிறது என்றால் முன்னுரையைக் கொஞ்சம் நெருக்கலாமா, அத்தியாயத் தலைப்புகளைப் புதுப் பக்கத்தில் தொடங்காமல் விடலாமா என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது பாடம் ஓரம். இதற்கு ஐயா ஒரு நாள் பழைய வாணி விலாஸ் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்ரீரங்கத்தில் டி.கே. பாலசுப்பிரமணிய ஐயர் நடத்திய ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம், 1910இல் ஆதிசங்கரர் நூல்களை 20 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் ஒன்று. நாகரி எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. “படிக்க வேணாம். நடுவுல விரிச்சுப் பிடி” என்றார். விரித்தால் கட்டுப் பக்கத்து எழுத்து ஒன்றுகூட மடிப்புக்குள் மறையவில்லை. விரல் வைத்துப் பிடிக்க வெளி ஓரத்தில் தாராளமாக இடம் இருந்தது. நாங்கள் அப்போது அடித்துக்கொண்டிருந்த புத்தகங்களில் நாலு பக்கத்துக்கும் ஒரே ஓரம்தான் விடுவோம். பக்கவாட்டில் பின் அடித்தால் உள் ஓரத்தில் பாதி போய்விடும். படிக்கிறவர் புத்தகத்தை முறித்துத்தான் படிக்க வேண்டும். முதுகைச் சீவிப் பசை போடுகிற பர்ஃபெக்ட் பைண்டிங்கில் அந்தச் சீவலுக்கும் இடம் விட வேண்டும். எந்தக் கட்டு என்று தெரியாமல் ஓரம் வைக்கக் கூடாது. கட்டு என்ன, தாள் என்ன, எத்தனை பிரதி என்று கேட்டுவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறக்க வேண்டும். நான் இன்றைக்கும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

ஜீயபுரத்துக்கு மேற்கே திருப்பராய்த்துறையில் சித்பவானந்த சுவாமிகள் 1942இல் தொடங்கிய ராமகிருஷ்ண தபோவனம் இருக்கிறது. அங்கே அச்சுப் பள்ளியும் உண்டு. தபோவனத்துப் புத்தகங்கள் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. மலிவு விலைதான். ஆனால் வரி சீராக, மை ஒரே அளவில் இருக்கும். ஏழைக்குக் கொடுக்கிற புத்தகமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிற எண்ணம் எனக்கு அந்தப் புத்தகங்களைப் புரட்டித்தான் வந்தது.

எங்கள் கடையில் ஒரே நிற வேலைகளுக்குப் பிலிம் எடுக்க மாட்டோம், கட்டுப்படியாகாது. பட்டர் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம். அதை மிரரில் எடுக்க வேண்டும். எழுத்து திரும்பி விழும். பார்க்கிறவர்கள், “என்னப்பா, தப்பா வந்திருக்கே” என்பார்கள். காரணம் இருக்கிறது. பிளேட்டின் மேல் பட்டர் தாளை வைத்து விளக்கு காட்டும்போது கறுப்புப் பொடி படிந்த முகம் பிளேட்டை ஒட்டி இருக்க வேண்டும். நேராக எடுத்தால் பொடி மேலே நிற்கும், அதற்கும் பிளேட்டுக்கும் நடுவே தாளின் கனம் வந்துவிடும். அந்தச் சின்ன இடைவெளியில் வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்து மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். தமிழில் முதலில் போவது புள்ளி. ‘க்’ என்று இருக்க வேண்டியது ‘க’ என்று நிற்கும். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி போனால் அந்தக் குடும்பம் அதை ஆயுளுக்கும் மறக்காது. ஐயா பட்டர் தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வாக்கியத்தையெல்லாம் விட்டுவிட்டு, புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்.

தமிழ் டிடிபிக்காரர்களின் தீராத தலைவலி எழுத்துரு. எந்தத் தமிழ் எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட காலம் அது. ஸ்ரீலிபியில் அடித்தது வானவில்லில் வராது. வானவில்லில் அடித்தது பாமினியில் வராது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் திருச்சி உறவுக்காரர்கள் மூலமாக வந்த எழுத்துப்படிகள் பாமினியிலேயே வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. நல்ல முயற்சி, பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டியது. அதற்குள் கடை கடையாகப் பழைய எழுத்துருக்கள் நிரம்பிவிட்டன, விரல்களும் பழகிவிட்டன. புதிய முறை பழையவற்றை ஒழிக்கவில்லை, அவற்றோடு ஒன்றாக அதுவும் வந்து உட்கார்ந்தது.

இதற்குள்ளேயே நுணுக்கமான தொல்லை ஒன்று உண்டு. ஓர் எழுத்துருவில் இருப்பது மொத்தம் 256 இடம். அதில் 160ஆம் இடத்தை மென்பொருள்கள் இடைவெளி என்றும், 173ஆம் இடத்தை வரி முடிவில் மட்டும் தெரிய வேண்டிய மறை கோடு என்றும் எடுத்துக்கொள்ளும். அந்த இடங்களில் தமிழ் எழுத்தை வைத்திருந்த எழுத்துரு என்றால், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது அந்த எழுத்து மட்டும் காணாமல் போகும். பக்கம் முழுக்கச் சரியாக இருக்கும், அந்த ஒன்று மட்டும் எங்கேயும் இருக்காது. கண்ணுக்கும் சட்டென்று சிக்காது. நாம் எழுத்தைப் படிப்பதில்லை, சொல்லைப் பார்த்ததும் மனசு மிச்சத்தை நிரப்பிவிடும். இதற்கு ஐயாவிடம் வழி இருந்தது. கடைசிப் புரூஃபை வரியின் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படிப்பார். அர்த்தம் கையைப் பிடித்து இழுக்காத இடத்தில் எழுத்து தனியாகத் தெரியும். நான் இன்று வரை அப்படித்தான் பார்க்கிறேன்.

எழுத்துருச் சண்டைக்கு அச்சகங்கள் கண்டுபிடித்த மருந்து கர்வ். “கர்வ் போட்டு அனுப்பிடுங்க சார்” என்பார்கள். கோரல்டிராவில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோலோடு கியூவை அழுத்தினால் எழுத்து எழுத்தாக இருப்பதை விட்டுவிட்டு வெறும் கோட்டுச் சித்திரமாகிவிடும். அதற்கப்புறம் எந்த கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்துரு தேவையில்லை, எழுத்து உடையாது. சிவகாசிக்குப் போகும் கோப்பு ஒன்றுகூடக் கர்வ் போடாமல் எங்கள் கடை வாசலைத் தாண்டியதில்லை. அதன் விலை என்ன என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாலு வண்ணம் என்றால் சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பழகிவந்தது ஊரறிந்த வரலாறு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டர், டைரி என்று பெருகியது. ஆடி 18 அன்று அங்கே அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதே நாளில் ஜீயபுரத்துப் படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் காவிரிக்குப் படைத்துக்கொண்டிருப்பார்கள். என் வருடத்தில் இரண்டு ஆடிப்பெருக்கும் ஒன்றாக வரும். ஆல்பம் திருச்சிக்கு வந்த நாளிலிருந்து தீபாவளி வரைக்கும் பெரிய கடை வீதி நகைக்கடைக்காரர், ஸ்ரீரங்கத்து மளிகைக்கடைக்காரர் எல்லோரும் படத்தின் நம்பரைச் சொல்லிவிட்டு, அடியில் வரும் கடைப் பெயரை எங்களிடம் வடிவமைக்கச் சொல்வார்கள். அந்தப் பட்டைக்கு ஒதுக்கியிருக்கும் அளவுக்குள் கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், முதலாளியின் அப்பா பெயர் எல்லாம் அடங்க வேண்டும்.

ஆரம்பத்தில் கோப்பு போனது பிளாப்பியில். அதன் கொள்ளளவு 1.44 எம்பி. ஏ4 அளவில் ஒரு பெருமாள் படத்தை 300 டிபிஐயில் நாலு வண்ணமாக வைத்தாலே 30 எம்பியைத் தாண்டும். அதனால் படத்தைத் தனியாக அனுப்பி அங்கேயே ஸ்கேன் செய்யச் சொல்லுவோம். பிறகு ஜிப் டிரைவ், சிடி. மதுரை பஸ்ஸில் கவரைக் கொடுத்தனுப்பும்போது கவரின் மேலேயே எழுதிவிடுவேன்: வெட்டின பிறகு வரும் அளவு, வெட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், நிறம், தாள், பிரதி. கத்தி எப்போதும் கோட்டின் மேல் விழாது. அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் பின்னணி நிறம் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அதே காரணத்துக்காக முக்கியமான எழுத்தை வெட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

நிறத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. தாளுக்கு இருப்பது மை. புறப்பாட்டில் எடுத்த நம்பெருமாள் படத்தில் பாண்டியன் கொண்டையின் சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் திரையில் ஜொலிக்கும். அச்சு மையின் நிறமுறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றினால் பச்சை மங்கிவிடும். “பெருமாள் ஏன் வாடியிருக்கார்?” என்று ஒரு மாமி கேட்டார். அவரிடம் மையின் எல்லையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சுற்றியிருக்கும் பின்னணியை அடக்கி வைத்தால் கல் எழும்பித் தெரியும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முன்பே படத்தை அச்சு நிறத்துக்கு மாற்றிவிட வேண்டும். திரையில் ஒரு தடவை ஜொலிப்பைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு அதற்கப்புறம் எந்த அச்சும் பிடிக்காது.

நிறத்தைவிட ஆபத்தானது கறுப்பு. வேறு ஓர் இடத்தில் தயாரித்து, வேறு ஊரில் அச்சடித்த கோவில் மலர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு வந்தார். கட்டுரைகள் முழுக்க எழுத்துக்கு ஒரு பக்கம் செவ்வரி, மறுபக்கம் நீலவரி. ‘ஞ’வின் வயிறு அடைந்து கிடந்தது. ‘ஸ்ரீ’ வெறும் கறுப்புத் திட்டு. லூப் என்கிற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. எழுத்தைத் திரைக் கறுப்பில் வைத்து அப்படியே மாற்றியிருக்கிறார்கள். போட்டோஷாப்பில் வழக்கமான அமைப்பில் மாற்றினால் அந்தக் கறுப்பு 75 சதவீதம் சியான், 68 மெஜந்தா, 67 மஞ்சள், 90 கறுப்பு என்று நாலாகப் பிரியும். கூட்டினால் 300. ஒரு சின்ன எழுத்துக்கு நாலு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்; ஓடுகிற மெஷினில் அது நடக்கிற காரியமில்லை. மையும் அவ்வளவு கனமாக ஏறினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். எழுத்துக்குக் கறுப்பு பிளேட் மட்டும் நூறு சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம், கீழே நிறம் இருந்தால் அதன் மேலேயே அடிக்கிற ஓவர்பிரிண்ட். இவ்வளவுதான் விதி. பெரியவர் கட்டுரைகளுக்காக ஊர் ஊராக அலைந்து, கல்வெட்டு படித்தவர்களைப் பார்த்துப் பேசிச் சேர்த்த செய்திகள் அவை. அந்த எழுத்துகள் இப்படி நிழல் தட்டி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அச்சான பிரதிகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருட மலரை நாங்களே தயாரித்தோம்.

தாளுக்கு வருகிறேன். எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் கரூர் சாலையில் மேற்கே போனால் புகளூர் காகிதபுரம். கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்ய 1979இல் மாநில அரசு தொடங்கிய டி.என்.பி.எல். ஆலை அங்கே இருக்கிறது. கரும்பு வண்டியும் அதே சாலை, தாள் லாரியும் அதே சாலை. நாங்கள் அடித்த புத்தகங்களில் பாதிக்கு மேல் அந்த ஆலையின் மேப்லித்தோதான்.

மேப்லித்தோ மையைக் குடிக்கும். ஆர்ட் தாள் அவ்வளவு குடிக்காது. ஆகவே ஒரே புகைப்படத்தை இரண்டுக்கும் ஒரே மாதிரி தயாரிக்கக் கூடாது. மேப்லித்தோவில் ஒவ்வொரு புள்ளியும் பரவிப் பெருக்கும், நடுத்தரச் சாம்பல் கறுப்பாகிவிடும். நினைவு மலர்களில் தாத்தாக்களின் முகம் கரிப்பிடித்து நிற்பது இதனால்தான். அந்தப் படங்களைத் திரையில் கொஞ்சம் வெளிறித் தெரியும்வரை தூக்கிவிட வேண்டும். நெற்றியும் கன்னமும் வெளிறியிருக்கும்போது வீட்டார், “படம் மங்கலா இருக்கே” என்பார்கள். அச்சில் பார்த்த பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

தாளுக்கு இழை ஓட்டமும் உண்டு. இழை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து படுக்காது, ஓரம் அலை அலையாக நிற்கும். ஐப்பசி மழையில் காவிரிக் கரைக் காற்று ஈரமாக இருக்கும்போது பிரித்து வைத்த தாள் இழைக்குக் குறுக்காக வீங்கும். முதல் நிறம் அடித்தபோது இருந்த அகலம் இரண்டாம் நிறம் அடிக்கும்போது இருக்காது. ஒற்றை நிற மெஷினில் நாலு தடவை ஓடும் வேலையாக இருந்தால் மழைக்காலத்தில் மெல்லிய எழுத்தை இரண்டு நிறக் கலவையில் வைக்கவே மாட்டேன். மானத்தைப் பார்த்து எழுத்தின் நிறத்தை முடிவு பண்ணுவது வெளியாளுக்கு விநோதமாகப் படலாம். மெஷின் பக்கத்தில் நின்றவருக்குப் படாது.

மேலட்டையின் முதுகு அகலத்துக்கு ஒரு தாளின் தடிமனைப் பக்க எண்ணிக்கையில் பாதியால் பெருக்க வேண்டும். ஆலைக்கு ஆலை தடிமன் மாறும் என்பதால் வாங்கிய தாளிலேயே ஒரு கட்டை அளந்துவிடுவது நல்லது.

மென்பொருள்கள் மாறின. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதுவே கடைசிப் பதிப்பு. தமிழ்நாட்டுக் கடைகளில் அது அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. காரணம் சோம்பல் இல்லை. எங்கள் எழுத்துருக்களெல்லாம் அதில்தான் ஒழுங்காக வேலை செய்தன. யுனிகோடில் தமிழ் எப்போதோ வந்துவிட்டது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆனால் இன்டிசைனில் யுனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். 2012இல் வந்த அதன் சி.எஸ்.6 பதிப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தமிழ் தமிழாக விழுந்தது. அன்று முதல் நான் பழைய எழுத்துருவில் புதுப் புத்தகம் எதையும் தொடங்கவில்லை. அச்சகத்துக்குக் கொடுப்பதும் பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ. 2001இல் ஐ.எஸ்.ஓ. தரமாக வந்த வடிவம் அது. எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்க வேண்டும், படங்களில் திரை நிறம் இருக்கக் கூடாது என்று அது கட்டாயப்படுத்துகிறது. கர்வ் போடும் தேவை அதோடு தீர்ந்தது.

கர்வின் விலையை யாரும் யோசிக்கவில்லை என்றேனே. ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய அப்பா எழுதி, பல வருடங்களுக்கு முன் சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகம். அப்பா காலமாகிவிட்டார். நூற்றாண்டுக்கு மறுபதிப்பு போட ஆசை. கையில் ஒரு சிடி. “எல்லாம் இதுல இருக்குன்னு அப்பா பத்திரமா வெச்சிருந்தார்” என்றார். சிடி திறந்தது. பக்கங்கள் அத்தனையும் இருந்தன. ஒவ்வொன்றும் கர்வ். ஓர் அச்சுப்பிழையைத் திருத்த முடியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் புதிதாகப் பிரிந்து அமையாது, ஒரு சொல்லைத் தேட முடியாது. அப்பா தன் பிரதியில் பென்சிலால் ஓரங்களில் திருத்தம் போட்டு வைத்திருந்தார். அவற்றைச் சேர்க்க வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டும். அடித்தோம். மறுபடி புரூஃப், மறுபடி பிழை, மறுபடி திருத்தம்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாக அடித்து ஏற்றினார்கள். ஈய எழுத்தில் அச்சான நூலுக்கு அப்போது வேறு வழி இல்லை. கம்ப்யூட்டரிலேயே பிறந்த நூலை இன்னொரு தடவை கையால் அடிப்பது என்ன நியாயம்? 1990களிலும் 2000களிலும் தமிழில் அச்சான எத்தனையோ ஆயிரம் புத்தகங்கள் இந்த நிலைமையில் கிடக்கின்றன. சில கர்வாக. சில இன்று யாரிடமும் இல்லாத எழுத்துருவில். சில மூடிப்போன கடையின் ஹார்டு டிஸ்க்கில். எழுத்துரு பொதிந்த பழைய பி.டி.எஃப். கூடக் கண்ணுக்குத்தான் தமிழ். ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ. அன்றைய ராத்திரி மெஷின் ஓட்டியவருக்கு நாங்கள் உண்மையாக இருந்தோம். இருபது வருடம் கழித்து வரப்போகிற மகளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அச்சகத்துக்குக் கோப்பு தயாரிப்பது என்றால் இரண்டு பேருக்கும் தயாரிப்பது என்றே நான் இப்போது எண்ணுகிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

அதனால் வேலை முடிந்ததும் ஒரு கோப்புறை கொடுக்கிறேன். அச்சுக்கான பி.டி.எஃப்., திறக்கக்கூடிய இன்டிசைன் மூலம், படங்கள், உரிமம் அனுமதிக்கும் எழுத்துருக்கள். இவற்றோடு திருத்தம் அத்தனையும் ஏறிய வெறும் யுனிகோடு உரை. இந்தக் கடைசிக் கோப்பு சில நூறு கேபிதான் இருக்கும், பழைய பிளாப்பியில்கூட அடங்கும். பிளேட் போடுவதற்கு முந்தின நிமிடம் திருத்திய ஒற்றுப்பிழையும் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். சிலர் இதற்குத் தனிக் காசு கேட்பேனோ என்று தயங்குவார்கள். கேட்பதில்லை.

அந்த அம்மாவின் புத்தகத்தில் பதிப்பு விவரப் பக்கத்துக்குக் கீழே நாலு வரிக்கு இடம் கேட்டேன். எழுத்துருவின் பெயர், தாள் எத்தனை ஜி.எஸ்.எம்., எந்த மாதம் அச்சானது, யுனிகோடு உரை யார் யாரிடம் இருக்கிறது. “இதெல்லாம் யார் படிக்கப் போறா?” என்றார். மறுபதிப்பு போட வருகிறவர் படிப்பார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். தன் பெயரோடு தம்பி பெயரையும், இரண்டு பேத்திகள் பெயரையும் எழுதிக்கொடுத்தார். நாலு வரி ஆறு வரியானது. எட்டுப் பாயின்ட் எழுத்தில் அடக்கினேன்.